கடலோர விடியல்: ஒரே ரா ஃபைலா, பிராக்கெட்டிங்கா, ஃபில்டரா?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் விடியற்காலை எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகின்றன. வானம் நன்றாக வந்தால் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகு கரிக்கட்டையாகிவிடும். படகின் நீலமும் சிவப்பும் தெரியட்டும் என்று எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவைக் கூட்டினால், சூரியனைச் சுற்றி வானம் வெள்ளைக் காகிதம்.

கேமராவின் குறையல்ல இது. நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றாலே ஒளிக்கு நேர் எதிரில்தான் நிற்கிறோம். சூரியன் தலைகாட்டும்போது அதன் வட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்து வானத்தை மட்டும் அளந்தாலும் படகின் நிழல் பக்கத்தைவிட 6 ஸ்டாப் தாராளமாக அதிகம் இருக்கும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு. ஜேபெக்கில் எடுத்தால் இரண்டில் ஒன்று போய்விடும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. வானம் வெளுக்காத அளவில் ஒரே ஒரு ரா ஃபைல் (சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுத்து, நிழலைக் கணினியில் தூக்குவது. வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று ஷாட் எடுத்து இணைப்பது, அதாவது பிராக்கெட்டிங். மேல் பாதி கறுப்பும் கீழ் பாதி தெளிவுமாக இருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரை லென்ஸ் முன்னால் செருகுவது. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவு கிடையாது. இந்தக் கடற்கரைக்கு எது முதலில் என்றால் பதில் இருக்கிறது: ஒரே ரா ஃபைல். மற்ற இரண்டும் எப்போது தேவை என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும். ஃபிரேமுக்குள் எது அசைகிறது? தொடுவானத்துக்கு மேலே எது நீட்டிக்கொண்டு நிற்கிறது?

முதலில் கடிகாரம்

வெளிநாட்டு வீடியோக்களில் பொன்னொளி ஒரு மணி நேரம் நிற்கும். லண்டன் போன்ற ஊரில் குளிர்காலச் சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறுவதால் அது உண்மைதான். புதுச்சேரி, கடலூர் இருப்பது 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி. இங்கே சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக ஏறும், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். 6 டிகிரி உயரம் தாண்டினால் ஒளியின் மஞ்சள் வடிந்து வெள்ளையாகிவிடும். ஆக, உதயத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது சுமார் 25 நிமிடம். உதயத்துக்கு முன் நிறம் ஏறும் நேரமும் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான்.

ஜூன் தொடக்கத்தில் உதயம் 5:45-ஐ ஒட்டி. ஜனவரி கடைசியில் 6:35-ஐ ஒட்டி. இடமும் மாறும். ஜூனில் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. 18 எம்எம் லென்ஸில் ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) பார்க்கும் அகலம் 66 டிகிரி என்பதால், டிசம்பரில் படகுக்கு நேர் பின்னால் உதித்த சூரியன் ஜூனில் ஃபிரேமிலேயே இருக்காது. ஆறு மாதத்துக்கு முன் யாரோ எடுத்த படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே போய்விட வேண்டும். ஏசி அறையில் தங்கியிருந்தால் கேமராவைப் பையோடு அதற்கும் அரை மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். குளிர்ந்த கண்ணாடி கடற்கரை ஈரக்காற்றில் பட்டதும் பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். அதோடு 25 நிமிடத்தில் பத்து நிமிடம் போச்சு.

நான்காவது வழி: திரும்பி நிற்பது

மூன்று உத்திகளையும் ஒப்பிடுவதற்கு முன், எதுவுமே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள். பாண்டி பீச் ரோட்டில் 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் அதையொட்டிய வெள்ளை, மஞ்சள் சுவர்களும் உதயம் முடிந்து பத்து நிமிடத்தில் நேர் வெளிச்சம் வாங்கும். வானத்துக்கும் சுவருக்கும் அப்போது ஓரிரு ஸ்டாப்தான் வித்தியாசம். ஜேபெக்கே தாங்கும். விடியற்காலையில் அந்தச் சாலையில் வாகனம் வராது என்பதால் டிரைபாடை நிம்மதியாக விரிக்கலாம்.

நேர் வெளிச்சம் பிடிக்காதவர்களுக்குப் பக்க வெளிச்சம். கடற்கரையோடு வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்றால் ஒளி ஒரு பக்கமிருந்து வரும்; மணல் வரிகள், வலைக் குவியல், படகின் பலகைப் பொருத்து எல்லாம் புடைத்துத் தெரியும். வித்தியாசமும் 3, 4 ஸ்டாப்புக்குள் அடங்கும். புதுச்சேரியை அடுத்த மீனவ ஊரான வீராம்பட்டினம் மாதிரி படகுகள் வரிசையாக நிற்கும் கரைக்கு, எதிர் வெளிச்சத்தைவிட இதுதான் பொருத்தம். சூரிய வட்டம் ஃபிரேமில் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மேகமூட்டம் வேறு கணக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தொடுவானத்தில் மேகம் படுத்திருக்கும் நாள்கள் அதிகம். நிறம் குறையும், ஆனால் வித்தியாசமும் குறையும். அப்போது வானத்தை ஃபிரேமில் கால்வாசியாகக் குறைத்துவிட்டு அலையையும் பாறையையும் எடுப்பது நல்லது.

ஒரே ரா ஃபைல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் கடல்தான். அலை, வலை இழுப்பவர்கள், நங்கூரத்தில் ஆடும் படகு, காற்றில் தென்னை: எதுவுமே நிற்பதில்லை. ஒரே ஷாட்டில் எல்லாம் முடிந்துவிட்டால் இணைப்புத் தையல் தெரியும் பேச்சுக்கே இடமில்லை.

செய்முறை இப்படி. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப் 8 அல்லது எஃப் 11. எஃப் 16-க்கு மேல் போனால் சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மசமசக்கும். 18 எம்எம்மில் எஃப் 8 வைத்து, இரண்டு இரண்டரை மீட்டர் தூரத்தில் இருப்பதில் ஃபோகஸ் வைத்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். பிறகு ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, ஃபிரேமின் ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒளியை அளக்கும் ஸ்பாட் மீட்டர். சூரிய வட்டத்தில் வைக்காதீர்கள். அதை ஒட்டி, நிறம் காப்பாற்றப்பட வேண்டிய பளிச்சென்ற வானத்தில் வைத்து, அந்த இடம் +2 காட்டும்படி ஷட்டரைத் திருப்புங்கள். 0 காட்டும்படி எடுத்தால் வானம் பத்திரமாக இருக்கும், ஆனால் நிழலில் தேவையில்லாமல் 2 ஸ்டாப் இழப்பீர்கள். அதுதான் பிறகு புள்ளி புள்ளியாக இரைச்சலாக வரும்.

ஒரு ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராம் பாருங்கள்; படத்தில் இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. வெள்ளை நிற ஹிஸ்டோகிராம் போதாது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டுவதைத் திறக்க வேண்டும். விடியலில் முதலில் வரைபடத்தின் வலது சுவரில் முட்டி விவரம் இழப்பது சிவப்புதான். வெள்ளை ஹிஸ்டோகிராம் "எல்லாம் சரி" என்று சொல்லும்போதே சிவப்பு போயிருக்கும். விளைவு, சூரியனைச் சுற்றி ஆரஞ்சு படிப்படியாக மங்காமல், மஞ்சள் வளையம் ஒன்று வெட்டினது போல நிற்கும். எடிட்டிங்கில் எத்தனை இழுத்தாலும் அது போகாது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் அதன் உள் ஜேபெக்கைப் பார்த்துச் சொல்வது என்பதால், பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள். வெள்ளைச் சமநிலையையும் ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள். ராவில் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது சரி. ஆனால் களத்தில் பார்க்கும் வரைபடம் பொய் சொல்லக் கூடாதே.

எடிட்டிங்கில் ஹைலைட்டை (பளிச்சென்ற பகுதி) குறைத்து, ஷேடோவை (நிழல்) தூக்க வேண்டும். எவ்வளவு தாங்கும் என்பது சென்சாரைப் பொறுத்தது. நிக்கான் டி5600, டி3500 வகையில் 3 ஸ்டாப் தூக்கினாலும் படகின் பெயின்ட் பெயின்ட்டாகவே இருக்கும். கேனான் 700டி போன்ற பழைய உடல்களில் இரண்டைத் தாண்டினால் நிழலில் கோடு கோடாகப் பட்டை விழும். அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் அடுத்த இரண்டு வழிகளைக் கூடுதல் அக்கறையோடு படிக்கலாம். அதற்கு முன் ஒரு குறுக்கு வழி: டிரைபாடில் அசையாமல் அதே எக்ஸ்போஷரில் 4 ஷாட் எடுத்து, கணினியில் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். அலை மென்மையாவது இனாம்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு இந்த வேலையை போனே செய்துவிடுகிறது. ஒரு தட்டலில் பல ஃபிரேம் எடுத்துத் தானாக இணைக்கும். சூரியன் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும்.

பிராக்கெட்டிங்

கேமரா தாங்காத வித்தியாசம் இருந்து, காட்சியும் அசையாமல் இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. காற்று எழுவதற்கு முந்தைய, புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரி, பாண்டி கடற்கரைச் சாலை காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கருங்கல் தூண்கள், கோயில் மண்டபத்துக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் காட்சி எல்லாம் இதற்கென்றே இருப்பவை.

அப்பர்ச்சரைப் பூட்டி, ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். அப்பர்ச்சர் மாறினால் தெளிவின் ஆழமும் மாறி, இணைக்கும்போது விளிம்பு ஒட்டாது. 0, −2, +2 என்று மூன்று ஷாட். 2 நொடி டைமர். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். கேனான் 1500டி, நிக்கான் டி5600 இரண்டிலும் தானியங்கி பிராக்கெட்டிங் உண்டு. டி3500-ல் கிடையாது. அதில் ஷட்டர் டயலை ஒவ்வொரு முறையும் 6 கிளிக் திருப்பினால் 2 ஸ்டாப். டிரைபாட் இறுக்கமாக இல்லையென்றால் அந்த 6 கிளிக்கிலேயே ஃபிரேம் நகர்ந்துவிடும்.

கடலில் இது ஏன் சொதப்புகிறது? அலை நகர்ந்துவிடுவது பாதிக் காரணம்தான். எண்களைப் பாருங்கள்: 1/30, 1/8, 1/2 நொடி. 1/30 ஷாட்டில் அலை ஏறத்தாழ உறைந்து நிற்கும், 1/2 ஷாட்டில் பால் போலக் கரைந்திருக்கும். ஒரே தண்ணீருக்கு மூன்று வேறு இழைநயம். மென்பொருள் இவற்றைக் கலந்தால், நுரை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டு. அசைந்தவற்றின் இரட்டை உருவை அழிக்கும் 'பேய் நீக்கும்' வசதியை உச்சத்தில் வைத்தாலும், அது ஒரு ஷாட்டிலிருந்து மட்டும் தண்ணீரை எடுக்கும். அந்த இடத்தில் மட்டும் இரைச்சல் தனியாகத் தெரியும்.

கடலில் பிராக்கெட் செய்தே ஆக வேண்டுமென்றால் தானியங்கி இணைப்பை மறந்துவிட்டு, வானத்தை இருண்ட ஷாட்டிலிருந்தும் தண்ணீர், மணல், படகு அனைத்தையும் ஒரே வெளிச்ச ஷாட்டிலிருந்தும் எடுத்து, தொடுவானத்தில் மென்மையான பிரஷ்ஷால் கையால் மாஸ்க் போடுங்கள், அதாவது எந்தப் பகுதி எந்த ஷாட்டிலிருந்து தெரிய வேண்டும் என்று தீட்டுங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம்; காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை.

இன்னொன்று மணல். அலை பின்வாங்கும்போது டிரைபாட் காலடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும். கால் ஒன்று மெல்ல இறங்கும். கால்களை ஒரு சாண் ஆழத்துக்கு அழுத்தி, இரண்டு அலை வந்து போகும்வரை விட்டு, பிறகு தொடங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் கால்களின் கீழ்ப் பகுதிகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசாவிட்டால், அடுத்த முறை அந்தப் பூட்டு திறக்காது.

ஃபில்டர்

காசு அதிகம் கேட்பது இதுதான். ஹோல்டர், அடாப்டர் ரிங், ஒரு தரமான 100×150 எம்எம் ஃபில்டர் சேர்ந்தால், அதே பணத்தில் உறுதியான டிரைபாட் வாங்கலாம். திருகிப் போடும் வட்ட வகை மலிவுதான்; ஆனால் கறுப்பு முடியும் கோடு நடுவிலேயே நிலைத்திருக்கும், மேலே கீழே நகர்த்த முடியாது. எல்லாப் படத்திலும் தொடுவானத்தை நட்டநடுவில் வைக்கச் சம்மதம் என்றால் வாங்கலாம்.

ஃபில்டரின் இருட்டைச் சொல்லும் எண் 0.6 என்றால் 2 ஸ்டாப், 0.9 என்றால் 3, 1.2 என்றால் 4. திறந்த கடலுக்கு, கறுப்பு சட்டென்று முடியும் ஹார்ட் எட்ஜ். மரம், கட்டடம் நீட்டியிருந்தால், கறுப்பு மெல்ல மங்கும் சாஃப்ட். கோட்டருகே கறுப்பு அடர்ந்து மேலே போகப் போக இளகும் ரிவர்ஸ் வகை, சூரியன் தொடுவானத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கென்றே செய்தது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 0.9 சாஃப்ட்.

ஃபில்டர் இல்லாமல் முன்பகுதியை அளந்து, மேனுவலில் எக்ஸ்போஷரைப் பூட்டிய பிறகு செருகுங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடியாகப் பார்த்து) மேலும் கீழும் நகர்த்தினால்தான் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். அப்பர்ச்சர் திறந்த நிலையில் கோடு மென்மையாகத் தோன்றும். எஃப் 11-ல் எடுக்கும்போது கூர்மையாகி, வானத்தின் குறுக்கே வெட்டு விழும். ஆழத்தைக் காட்டும் பிரிவியூ பட்டனை அழுத்திப் பார்த்தே நிறுத்த வேண்டும்.

இதன் பெரிய பலவீனம், தொடுவானத்துக்கு மேலே நிற்கும் எதுவாக இருந்தாலும் தலை கறுத்துப்போகும். புதுச்சேரி பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. தண்ணீருக்கு மேலே நிற்கும் அதன் தூண்களை ஹார்ட் ஃபில்டரோடு எடுத்தால், அடிப்பாகம் சாம்பல், மேல்பாகம் தார் பூசியது போல இருக்கும். பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடுகளிலும் இதே கதை.

தண்ணீர் வானத்தைப் பிரதிபலிக்கும் இடத்தில் இன்னொரு பொறி. இயற்கையில் பிரதிபலிப்பு எப்போதும் வானத்தைவிடச் சற்று மங்கலாகத்தான் இருக்கும். ஏரியில் 3 ஸ்டாப் ஃபில்டரைப் போட்டால் வானம் தண்ணீரைவிட இருண்டுவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று படும். ஏரிக்கு, ஈர மணலுக்கு 2 ஸ்டாப் போதும்.

அப்படியானால் யாருக்கு இது? அலையை அரை நொடி, ஒரு நொடி இழைய விட்டு, எடிட்டிங் அதிகம் இல்லாமல் களத்திலேயே படத்தை முடிக்க விரும்புபவருக்கு. உதயத்துக்கு இருபது நிமிடம் முன் எஃப் 11, ஐஎஸ்ஓ 100-ல் ஒரு நொடி தானாகவே கிடைக்கும். சூரியன் வந்ததும் 1/15, 1/30-க்குப் போய்விடும் என்பதால் அதே ஹோல்டரில், முழுப் படத்துக்கும் ஒளியைச் சமமாகக் குறைக்கும் சாதா என்டி ஃபில்டர் ஒன்றும் வேண்டியிருக்கும். உப்புத் துளி தெறித்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புப் படிகம் கீறிவிடும். டிஸ்டில்டு வாட்டர் நாலு சொட்டு விட்டு ஒற்றியெடுங்கள்.

இடத்துக்கு இடம் சுருக்கமாக: சில்வர் பீச், வீராம்பட்டினம் படகுகளுக்கு ஒரே ரா. பாண்டி பாறைக் கரையில் அலை இழைய வேண்டுமென்றால் ஃபில்டர். ஊசுட்டேரியில் கிழக்குக் கரையில் நின்று பார்க்கும் அந்தி, காற்றில்லாத நாளில், பிராக்கெட்டிங். பிச்சாவரத்தில் படகு ஏறுவதற்குள் வெயில் ஏறியிருக்கும், ஆடும் படகில் டிரைபாடும் நிற்காது. அங்கே 1/250-க்குக் குறையாமல் ஒரே ரா, வேறு வழியில்லை.

யாரிடம் காட்டுவது

மூன்று வழிகளிலும் வரும் பிழைகளை எடுத்தவர் கண் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பனைமரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்பது ஐந்தாவது முறை பார்க்கும்போது தெரியாது. வேறு கண் வேண்டும். அதிலும் தேர்வு இருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "சூப்பர்ணா" வரும். அன்புக்குக் குறையில்லை, தகவல்தான் இல்லை. மேலும் அங்கே படம் சுருங்கிப் போவதால் இரைச்சல், இணைப்புத் தையல் எதுவும் தெரியாது. லைக் எண்ணிக்கை அதைவிட மோசம்: நிறத்தை அதிகமாக ஏற்றிய படத்துக்குத்தான் அது கூடும், அதையே சரி என்று கற்றுக்கொள்வீர்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் கணினித் திரையில், நூறு சதவீத அளவில் காட்டுவதே நிஜமான கருத்து. புகைப்படம் தெரியாத ஒருவரும் பயன்படுவார், ஒரே ஒரு கேள்விக்கு: "முதல்ல கண்ணு எங்க போச்சு?" படகுக்காக எடுத்த படத்தில் அவர் ஓரத்து பிளாஸ்டிக் பையைச் சொன்னால் வேலை இருக்கிறது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். எடிட் செய்யாத ராவையும் முடித்த படத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ சொல்லுங்கள். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று ஒரு வரி, பிறகு குறிப்பான கேள்வி: "படகோட நிழலை 3 ஸ்டாப் தூக்கியிருக்கேன், இயல்பா இருக்கா?" கருத்துச் சொல்பவரும் அதே அளவுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "வானம் சரியில்ல" என்பதால் யாருக்கும் பயனில்லை. "இடது மூலையில வானம், அதோட பிரதிபலிப்பைவிட இருட்டா இருக்கு, ஃபில்டரை 2 ஸ்டாப்பா குறைச்சுப் பாருங்க" என்றால் அடுத்த காலையே திருத்தலாம்.

சொன்னதெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ருசியாக இருக்கலாம். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் பிழை அங்கே இருக்கிறது. பிழையின் வகை காரணத்தைச் சொல்லிவிடும்: விளிம்பில் வளையம் என்றால் இணைப்பை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்; தூணின் தலை கறுப்பு என்றால் ஃபில்டர் கோடு கீழே இறங்கியிருக்கிறது; நிழலில் பச்சையும் ஊதாவும் மினுங்கினால் களத்தில் +2 வைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இவை எதிலும் பிடிபடாத ஒன்று, திரையின் வெளிச்சம். இருட்டறையில் பளிச்சென்ற திரையில் எடிட் செய்த படத்தில் நிழல் எல்லாம் விரிந்து தெரியும். லேபில் 12×18 பிரிண்ட் போட்டதும் படகின் உட்பக்கம் ஒரே கறுப்பாக நிற்கும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, ஷேடோவைத் திருத்தி, முதலில் 4×6-ல் ஒன்று போட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கும்போது படகுக்குள் சுருட்டி வைத்த வலை தெரிந்தால், பெரிய பிரிண்ட்டுக்குக் கொடுக்கலாம்.